இரண்டு கட்டை நாயனமும் ஐந்து கட்டைக் குரலும்: ஒன்பதாம் வகுப்பு இசைப் பாடம், ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில் பிள்ளைகள் சொந்தமாக மெட்டுக் கட்ட வேண்டுமா, சொல்லிக்கொடுத்ததைச் சுத்தமாகப் பாடினால் போதாதா என்ற பேச்சு எப்போது வந்தாலும் எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான் கிடைக்கும். "முதல்ல சுரம் நிக்கட்டும், கட்டறதெல்லாம் அப்புறம்." அந்த அப்புறம் வருவதே இல்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, ஆண்டு விழாவுக்கு ஒரு வாழ்த்துப்பாட்டு, சுதந்திர தினத்துக்கு ஒரு தேசபக்திப் பாட்டு, அதோடு பத்தாம் வகுப்பு வந்துவிடும், பாட்டு பீரியட் போய்விடும்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நான் இசை ஆசிரியை. போன கல்வியாண்டில் வகுப்பை மூன்று வேலைகளாகப் பிரித்து நடத்தினேன்: கேட்பது, பாடுவது அல்லது வாசிப்பது, கட்டுவது. இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ இசைத் தேர்வின் அமைப்பு இதுதான். அங்கே கேட்டறிதலுக்கு 40 சதவீதம், நிகழ்த்துவதற்கு 30, இசையமைப்பதற்கு 30. நிகழ்த்துவதில் மொத்தம் குறைந்தது 4 நிமிடம் இருக்க வேண்டும், அதில் ஒரு நிமிடமாவது பிறரோடு சேர்ந்து செய்ததாக இருக்க வேண்டும். இசையமைப்பு இரண்டு, ஒன்று தேர்வு வாரியம் கொடுக்கும் குறிப்புக்கு, இன்னொன்று மாணவர் விருப்பத்துக்கு. எனக்குப் பிடித்தது அந்த மதிப்பெண் கணக்கு அல்ல. பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றைக் கட்டித்தான் ஆக வேண்டும், அது விருப்பப் பாடத்தின் ஓரத்தில் தொங்கும் கூடுதல் வேலை இல்லை என்ற பிடிவாதம்தான் பிடித்தது.

இதைச் சொன்னதும் "அது வெள்ளைக்காரன் முறை, நம்ம சங்கீதத்துக்கு ஒத்துவராது" என்றார்கள் சிலர். எனக்கு அது சரியாகப் படவில்லை. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதச் சொல் வைத்து நோட்டுஸ்வரங்கள் செய்தார். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுக்கூட அதில் உண்டு. இரண்டாம் சரபோஜி காலத் தஞ்சாவூரில் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் இன்று பரதநாட்டியம் என்று சொல்லும் சதிர்க் கச்சேரிக்கு அலாரிப்பு முதல் தில்லானா வரை ஒரு வரிசையை அமைத்தார்கள், அதற்கு வேண்டிய உருப்படிகளையும் தாங்களே செய்தார்கள். வடிவேலு வெளிநாட்டு வயலினை வாங்கி நம் இசைக்குப் பழக்கினார். கேட்டதை வைத்துப் புதிதாக ஒன்று செய்வது இந்த ஆற்றங்கரையில் நூற்றாண்டுகளாக நடந்த வேலை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் அது வரவில்லை.

சரி, வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆய்வே அதில்தான் இருக்கிறது. முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள். அதில் வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொள்ளும் பெண்கள் சிலர், வர்ணம் வரை வந்தவர்கள். நாயனக் (நாதஸ்வரக்) குடும்பத்துப் பையன் ஒருவன், அப்பாவோடு முகூர்த்தங்களுக்குப் போய், சுருதிக்கு ஒரே சுரத்தைப் பிடிக்கும் ஒத்து ஊதி, இப்போது தானே வாசிக்கிறவன். தப்பு (பறை) அடிக்கத் தெரிந்த பையன் ஒருவன், அவன் தாத்தாவிடம் பழகியவன். மற்றவர்கள் எதுவும் கற்றவர்கள் இல்லை, ஆனால் சினிமாப் பாட்டு இடைஇசையோடு மனப்பாடம். வாரத்துக்கு இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். திருப்புதல் தேர்வு வந்துவிட்டால் அதிலும் ஒன்றைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தர மாட்டார்.

கேட்பதில்தான் ஆரம்பித்தோம். முதல் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டது மல்லாரி. சாமி புறப்பாட்டில் நாயனத்திலும் தவிலிலும் வருவது, பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில், சாகித்யம் (பாட்டுச் சொல்) கிடையாது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது தூக்கத்திலும் தெரியும், ஆனால் ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்டிருக்காது. செல்போனில் பதிந்ததைப் போட்டேன். விதி ஒன்றுதான்: முதல் தடவை யாரும் பேனாவைத் தொடக்கூடாது. இரண்டாம் தடவை, எது திரும்ப வருகிறது என்று மட்டும் எழுத வேண்டும். மூன்றாம் தடவை, திரும்ப வரும்போது என்ன மாறியது.

மூன்றாவது கேள்வியில்தான் வகுப்பு விழித்தது. "வேகமாயிடுச்சு டீச்சர்" என்று பாதிப் பேர். "இல்ல, தாளம் அதே வேகம்தான், வாசிப்புதான் இரட்டிப்பாச்சு" என்று தப்பு அடிக்கிற பையன். அவன் மேசையில் தட்டிக் காட்டினான். அடி நகராமல் நிற்க, அதன்மேல் அதே சொல் இரண்டு மடங்காக ஓடியது. ஒரே தாளத்தில் மூன்று வேகம், அதாவது முக்காலம் என்று நான் கரும்பலகையில் எழுதி விளக்கியிருந்தால் ஒரு பீரியட் போயிருக்கும். ஒரு பிள்ளை தட்டிக் காட்டியதில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அடுத்து ஒரு சின்ன சோதனை. ஹார்மோனியத்தில் மோகன ராகத்தை ஏறி இறங்கி வாசித்தேன், ச ரி க ப த. பிறகு காந்தாரத்தை (க) மட்டும் உயர்ந்த அந்தர காந்தாரத்திலிருந்து தாழ்ந்த சாதாரண காந்தாரத்துக்கு இறக்கி அதே பாதையில் வாசித்தேன். இப்போது அது சிவரஞ்சனி. மாறியது ஹார்மோனியத்தில் விரல் வைக்கும் ஒரே ஒரு கட்டை, மற்ற நான்கு சுரமும் அப்படியே இருக்கின்றன. எந்தச் சுரம் மாறியது என்று பாட்டு கற்காத பிள்ளைகளில் பலரால் சொல்ல முடியவில்லை, ஆனால் எந்த இடத்தில் மாறியது என்று கையைத் தூக்கிச் சரியாகக் காட்டினார்கள். பெயர் தெரியவில்லை, காது தெரிந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை நம் வகுப்புகள் அடிக்கடி தவற விடுகின்றன. சுரத்தின் பெயரைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு ஞானம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

வீட்டுப்பாடமாக வீட்டில் இருக்கிற பெரியவர் ஒருவரைப் பாடச் சொல்லிப் பதிந்து வரச் சொன்னேன். ஒப்பாரி, தாலாட்டு, கும்மி, தேவாரம், பழைய சினிமாப் பாட்டு, எல்லாம் வந்தன. ஒரு பெண் தன் ஆத்தா பாடிய நடவுப் பாட்டைக் கொண்டுவந்தாள். ஒருவர் முன்பாட்டு எடுக்க, மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடுவது. இப்போது எந்திர நடவு வந்துவிட்ட ஊர்களில் இதைச் சேர்ந்து பாட ஆளில்லை, ஆத்தா தனியாகவே இரண்டு பக்கத்தையும் பாடியிருந்தார். அவள் எழுதிய குறிப்பில் ஒரு வரி: "அடியோட கடைசில ஆத்தா ஒரே அளவா நீட்டல, சில தடவ ரொம்ப நீட்டுது. ஏன்னு கேட்டேன். அடுத்த நாத்து முடிய அவுக்கற நேரம்னு சொல்லுச்சு." பாட்டின் நீளத்தைக் கை வேலை தீர்மானித்திருக்கிறது என்பதை அந்தப் பெண் தானாகக் கண்டுபிடித்திருந்தாள். அதை வகுப்பில் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டோம்.

பாடும் பகுதியை நான் வேகமாகக் கடந்துவிடலாம், ஒரு விஷயத்தைத் தவிர. ஒன்பதாம் வகுப்பு என்பது ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும் வயது. குரல்வளை பெரிதாகி, நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ச-விலிருந்து கீழ் ச வரை, கீழே போகிறது. போகிற வழியில் சில மாதங்கள் எந்தச் சுரத்தில் எப்போது பிசிறும் என்று அந்தப் பையனுக்கே தெரியாது. ஆறாம் வகுப்பில் நன்றாகப் பாடியவன் ஒன்பதில் வாயைத் திறக்க மறுப்பது இதனால்தான், ஆர்வம் போனதால் அல்ல. எல்லோரையும் ஒரே சுருதியில் பாடச் சொன்னால் இவர்களைத் தொலைத்துவிடுவோம். அப்படிப்பட்ட பையன்களிடம் எந்தச் சுரம் வசதியாக நிற்கிறது என்று தனியாகக் கேட்டு, மூன்று நான்கு சுரத்துக்குள் அடங்கும் பகுதியை அவர்களுக்குக் கொடுத்தேன். சிலருக்கு ச, ப மட்டும். அதையே தாளத்தோடு பிரித்துப் பாடும்போது பாட்டுக்கு அடித்தளம் ஆகிவிடுகிறது.

இனி கட்டும் வேலை. விருப்பம்போல் கட்டுங்கள் என்று விட்டால் ஒரு பிள்ளையும் தொடங்காது. எல்லை குறுகலாக இருக்க வேண்டும். மோகனம், எட்டு எண்ணிக்கையுள்ள ஆதி தாளம், இரண்டே ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று), முடிவு சட்ஜத்திலோ (ச) பஞ்சமத்திலோ (ப). சாகித்யம் வேண்டாம். சாகித்யம் கேட்டால் எல்லோரும் எதுகை தேடப் போய்விடுகிறார்கள், மெட்டு காணாமல் போய்விடுகிறது. கட்டியதைப் பாடியோ வாசித்தோ போனில் பதிய வேண்டும். மாற்றினால் மாற்றியதையும் பதிந்து, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

முதல் சுற்றில் வந்தது என்னை யோசிக்க வைத்தது. பாட்டு கற்ற பெண்களின் மெட்டுகளில் பல ககபாபா என்று தொடங்கின. மோகனத்தில் எல்லோரும் முதலில் கற்கும் கீதத்தின் தொடக்கம் அது. வேண்டுமென்று எடுத்ததில்லை, மோகனம் என்றதும் வாய் அங்கே போகிறது. நாயனப் பையனின் நிலைமை இன்னும் கடினம். அவனால் மோகனத்தில் அரைமணி நேரம் வாசிக்க முடியும், அப்படி வாசித்தும் காட்டினான், ஆனால் இரண்டு ஆவர்த்தனம் சொந்தமாகச் செய்யச் சொன்னால் முடியவில்லை. "விரலை வெச்சா அப்பாவோட பிடிதான் டீச்சர் வருது" என்றான், அப்பாவிடம் கேட்டுப் பழகிய சுரக்கோவைகளைத்தான் சொல்கிறான். அதை அவன் பெருமையாகச் சொல்லவில்லை.

எதுவும் கற்காதவர்கள்தான் வேகமாகக் கட்டினார்கள், ஆனால் அவர்களுடையது வேறு சிக்கல். ஒரு பெண்ணின் முதல் வடிவம் இப்படி இருந்தது (காற்புள்ளி என்றால் முந்தைய சுரத்தை ஒரு அட்சரம், அதாவது ஓர் எண்ணிக்கை, நீட்டுவது):

ச , ரி க | ப , | த ப ||
த ப க ரி | ச , | , , ||

பாடிக் காட்டினாள். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ரெண்டாவது பாதி படிக்கட்டுல இறங்கற மாதிரி இருக்கு, எங்க போய் நிக்கும்னு முன்னாடியே தெரியுது." அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை எடுத்துப் போனாள். அடுத்த வகுப்புக்குக் கொண்டுவந்தது:

ச , ரி க | ப , | த ப ||
க , , ரி | க ரி | ச , ||

"ஏன் மாற்றினேன்" என்ற வரியில் எழுதியிருந்தாள்: "ஆத்தா நடவுப் பாட்டுல நீட்டின மாதிரி காந்தாரத்துல நின்னேன். அங்க நின்னா அப்புறம் எங்க போகும்னு தெரியாது." நடவுப் பாட்டைக் கொண்டுவந்தவள் இவள் இல்லை, இன்னொரு பெண். கேட்டல் வகுப்பில் கேட்டது இவளுடைய இரண்டாவது ஆவர்த்தனத்தில் வேலை செய்திருக்கிறது. கேட்பதும் கட்டுவதும் தனித்தனிப் பாடங்கள் இல்லை என்று நான் யாரிடமாவது விளக்க வேண்டி வந்தால் இந்த எட்டு அட்சரத்தைத்தான் காட்டுவேன்.

பிறகு குழுவாகச் செய்யும் கட்டம். நாயனப் பையன் குழுவில் இரண்டு பெண் குரல்கள், தப்பு, நாயனம். தொடக்கத்திலேயே முட்டிக்கொண்டது. அவனுடைய நாயனம் பாரி என்னும் நீள வகை, சுருதி 2 கட்டை, அதாவது ஹார்மோனியத்தின் இரண்டாவது வெள்ளைக் கட்டைதான் அதற்கு ச. பெண்களுக்கு 5 கட்டையில்தான் குரல் நிற்கும். 2 கட்டையில் பாடினால் கீழ் சுரங்கள் காற்றாகப் போகின்றன, அதுவும் நாயனத்துக்கு முன்னால் எதுவும் கேட்காது. குரலைப் போல நாயனத்தை ஏற்றி இறக்க முடியாது, குழல் எந்தச் சுருதிக்குக் கடையப்பட்டதோ அதுதான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து வாங்கிவந்த குழல், இன்னொன்று வாங்கக் காசு கிடையாது. ஹார்மோனியத்துக்கு மாறிக்கொள் என்று சொல்லியிருந்தால் அவன் குழுவை விட்டே போயிருப்பான்.

பாட்டுக் கற்ற பெண்தான் கேட்டாள், "மத்யம சுருதி வெச்சுப் பாடுவாங்களே டீச்சர், அது மாதிரி செய்யலாமா?" 2 கட்டையின் சுத்த மத்தியமம் (ம) சரியாக 5 கட்டையில் விழுகிறது. அதாவது அவன் குழலின் மத்தியமத்தைப் பெண்கள் சட்ஜமாக வைத்துக்கொண்டால் போதும். சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வைத்தோம். அவன் மத்தியமத்தில் தொடங்கி மோகனத்தைத் தேடினான். ம, ப, த, பிறகு மேல் ச, ரி. ஒவ்வொரு சுரமாக நிதானமாகப் பிடித்தான், இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கினான், குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், விரல் சுத்தசாவேரி. காதுக்கு மோகனம்."

ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தைச் சட்ஜமாக வைத்தால் இன்னொரு ராகம் கிடைக்கும் கிரகபேதத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவள் நான். மோகனத்தின் பஞ்சமத்தைச் சட்ஜமாக்கினால் சுத்தசாவேரி, ரிஷபத்தை ஆக்கினால் மத்தியமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் இந்தோளம். சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் எழுதுவார்கள். இவனுக்கு அது தேவையிலிருந்து வந்தது. ஆனால் நான் எதிர்பார்க்காதது அதற்கடுத்து நடந்தது. விரல் மோகன வழியில் போகாததால் அப்பாவின் மோகனப் பிடிகள் எதுவும் வரவில்லை. சுத்தசாவேரிப் பிடிகளை வாசித்தால் பெண்களின் சட்ஜத்தோடு ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் கதவு அடைத்த பிறகு அவன் காதால் ஒவ்வொரு சுரமாகத் தேட வேண்டியிருந்தது, அந்த வாரம்தான் அவன் முதன்முதலாகத் தன்னுடையது என்று சொல்லக்கூடிய இரண்டு ஆவர்த்தனத்தைச் செய்தான். பெரிய வித்வத் எதுவும் இல்லாத மெட்டு, சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம்கூடக் குறைவு. அவன் அதை எத்தனையோ தடவை வாசித்துக்கொண்டே இருந்தான்.

நன்றாக வாசிக்கிற பிள்ளைக்குக் கட்டும் வேலை எளிது என்று நாம் நினைக்கிறோம். என் வகுப்பில் அது நேர்மாறாக இருந்தது, பழகிய கை முன்னால் ஓடிவிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கூடுதல் சுதந்திரம் கொடுப்பதில் பயனில்லை. சுருதியை மாற்று, வாத்தியத்தை மாற்று, ஒரு சுரத்தைத் தடை செய், அப்போதுதான் கை நின்று காது வேலை செய்யும்.

தப்பு பற்றியும் சொல்ல வேண்டும். தோலைக் காய்ச்சினால்தான் நாதம் வரும். பள்ளியில் தீ மூட்ட முடியாது, அதனால் அந்தப் பையன் மதிய இடைவேளையில் முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு, மணி அடித்ததும் எடுத்துவருவான். மழை நாளில் சத்தம் மந்தமாகிவிடும், அன்றைக்கு அவன் மேசையில் தட்டினான். ஒரு பெற்றோர் வந்து, "சாவுக்கு அடிக்கிற மேளத்தை எம் பொண்ணு பாடறப்ப எதுக்கு அடிக்க விடறீங்க" என்று கேட்டார். எனக்கு வருத்தமும் கோபமும் ஒன்றாக வந்தன. அந்த வாத்தியத்தை எதற்கு அடிக்கிறார்கள் என்பதை வைத்து அடிக்கிறவனை ஒதுக்கிவைக்கிற வழக்கம் இந்த மண்ணில் ஆழமானது, அது பாட்டு வகுப்புக்குள்ளும் செருப்போடு வந்து நிற்கும் என்று தெரிந்துதான் இருந்தேன். தாளம் சரியாகப் பிடிக்கிற பிள்ளை அவன், அவன் இல்லாவிட்டால் இந்தக் குழு நிற்காது என்று மட்டும் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. அவர் மகள் குழுவை விட்டுப் போகவும் இல்லை, அவள் கேட்டதே வேறு: "அவன் என் ரெண்டாவது வரிக்கு முன்னாடி ஒரு இடைவெளி விடறான், அதை எழுதிக்க எப்படி?" தப்புச் சொல்லை எழுத எங்களிடம் முறை இல்லை. அவன் வாயால் சொன்ன சொற்களையே அவள் சுரத்துக்குக் கீழே எழுதிக்கொண்டாள்.

மதிப்பிடுவது எப்படி என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். நடுவில் ஏதாவது மாறியிருக்கிறதா, மாறியதற்குக் காரணத்தைப் பிள்ளையால் சொல்ல முடிகிறதா, இரண்டும்தான் முக்கியம். சுருதி விலகலுக்குக் குறைத்தேன், ஆனால் கொஞ்சம்தான். ஒரு பையன் கட்டியது ஒரு சினிமாப் பாட்டின் பல்லவியாகவே இருந்தது, அவனுக்கே தெரியவில்லை, வகுப்பே சேர்ந்து பாட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு அவனை யாரும் கேலி செய்ய விடவில்லை. அந்தப் பல்லவி எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று எல்லோரும் பார்த்தோம், அவன் நிற்கும் சுரத்தை மாற்றினான், மெட்டு வேறாகிவிட்டது.

சரியாக வராதவையும் உண்டு. முப்பது பேரில் சிலர் கடைசி வரை கட்டவில்லை, குழுவில் தாளம் போட்டதோடு நின்றார்கள். ஒரே அறையில் ஆறு குழு ஒரே நேரத்தில் பாடினால் யாருக்கும் எதுவும் கேட்காது; ஒரு குழு மாடிப்படியில், ஒரு குழு சைக்கிள் கொட்டகையில் என்று பிரிக்க வேண்டியிருந்தது, பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் பொறுத்துக்கொண்டார்கள், எப்போதும் அல்ல. கமகத்தை இந்த முறையில் நான் தொடவே இல்லை. இரண்டு ஆவர்த்தன மெட்டில் சுரம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், எப்படி அசைகிறது என்று பார்க்க நேரம் போதாது. அதற்குக் குரு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதற்கு ஈடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பாடம் சொல்லும் பழைய முறையை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதோடு கூட இது இருக்க வேண்டும்.

இந்த ஆண்டு வரிசையை மாற்றியிருக்கிறேன். கட்டும் வேலையை இரண்டாம் பருவம் வரை தள்ளாமல், ஆரம்பத்திலேயே மூன்று சுரத்தில் ஒரே ஒரு ஆவர்த்தனம் கட்டச் சொல்கிறேன், பிறகு கேட்க வைக்கிறேன். தானே ஒன்றைக் கட்டித் தடுமாறிய பிள்ளை மல்லாரியைக் கேட்கும்போது கேட்கிற கேள்விகள் வேறு. "இவங்க முடிக்கிறதுக்கு முன்னாடி எப்படி அதை நமக்குத் தெரியவைக்கிறாங்க?" என்று இந்த முறை ஒரு பையன் முதல் மாதத்திலேயே கேட்டான். போன வருடம் அந்தக் கேள்வி வரவே இல்லை.

நாயனப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு, அவனுக்குப் பாட்டு பீரியட் கிடையாது. மதியச் சாப்பாடு முடிந்து சில நாள் வருகிறான். அடுத்து இந்தோளத்தை எந்த விரலில் தேடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.